வேலைக்குப் போனால் இயலாமை ஓய்வூதியம் நின்றுவிடுமா?

முன்னாள் படைவீரர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையில் பெயர்த் திருத்தம் செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த மடல்களில் பாதிக்கு மேல் பெயர்த் திருத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. குடியாத்தம், பரதராமி, காட்பாடி, எல்லைக்கு அப்பால் சித்தூர், பலமநேர் என்று தெருவுக்கு நான்கு பட்டாளத்துக்காரர்கள் வாழும் ஊர்களிலிருந்து, ஒரே அச்சம் வெவ்வேறு கையெழுத்துகளில் வந்திருக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றியவன் நான். கடமையிலிருந்தபோது வண்டி கவிழ்ந்து இடது முழங்கால் நொறுங்கியதால், 2012இல் போர்டு அவுட் ஆகி, அதாவது மருத்துவக் காரணத்தால் படையிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஊர் திரும்பினேன். மருத்துவக் குழு 30 விழுக்காடு, வாழ்நாள் முழுமைக்கும் என்று எழுதியது. அது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டு ஓய்வூதியம் வருகிறது. இப்போது குடியாத்தத்தில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் கிடங்குக் கணக்குப் பார்க்க மாதம் 16,000 ரூபாய்க்கு அழைக்கிறார்கள். "பி.எஃப். எண் விழுந்த அன்றைக்கே அலகாபாத்துக்குத் தெரிந்துவிடும், பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்" என்று எங்கள் ஊர் மூத்த ஹவில்தார் சொல்கிறார். மனைவியும் பயப்படுகிறார். வேலையை ஏற்கலாமா? – ஓய்வுபெற்ற நாயக், பரதராமி

பதில்: தாராளமாக ஏற்கலாம். உங்கள் ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

மூத்த ஹவில்தார் தீய எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். உழைத்துச் சம்பாதிக்க முடியாதவனுக்கு அரசு கொடுக்கும் உதவிப் பணம் என்றே டிஸ்எபிலிட்டி பென்ஷனைப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'இயலாமை' என்ற மொழிபெயர்ப்புச் சொல்லும் அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டது. உண்மையில் அது பணியில் இருந்தபோது உடலுக்கு நேர்ந்த இழப்புக்கான ஈடு. காயமோ நோயோ படைப்பணியால் உண்டானதா, அல்லது படைப்பணியால் தீவிரமடைந்ததா என்பது முதல் கேள்வி. அது எத்தனை விழுக்காடு என்பது இரண்டாவது கேள்வி. நீங்கள் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்ற மூன்றாவது கேள்வி விதிகளில் எங்கும் கிடையாது.

இன்னும் ஒரு படி மேலே சொல்ல வேண்டும். விழுக்காட்டை நிர்ணயிக்கும் மருத்துவக் குழு, உங்கள் உடல்நிலையை அதே வயதும் அதே பாலினமும் கொண்ட நலமான ஒருவரின் உடல்நிலையோடு ஒப்பிட்டுத்தான் எண்ணைப் போடுகிறது. இந்தக் காயத்தோடு இவர் எந்தத் தொழிலில் எவ்வளவு ஈட்ட முடியும் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது படை ஓய்வூதியத்துக்கான மருத்துவ மதிப்பீட்டின் அடிப்படை விதி. ஆகவே முழங்கால் மடங்காத ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அதே 30 விழுக்காடுதான். கிடங்கில் பேரேடு எழுதினாலும் அதே 30 விழுக்காடுதான். நீங்கள் கணக்கெழுதி 16,000 ரூபாய் ஈட்டுவதால் உங்கள் முழங்கால் மடங்கத் தொடங்கிவிடவில்லை.

ஓய்வூதிய ஆணையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் சேவைக் கூறு, இயலாமைக் கூறு என்று இரண்டு தொகைகள் இருக்கும். எளிய கணக்குக்காக, கடைசியாகப் பெற்ற கணக்கிடத்தக்க ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கூறு அதில் பாதி, அதாவது 20,000. இயலாமைக் கூறு முழு 100 விழுக்காட்டுக்கு ஊதியத்தில் 30 விழுக்காடு, அதாவது 12,000. உங்களுக்கு 50 விழுக்காடு என்பதால் 6,000. இந்த இரண்டின் மேல் அகவிலை நிவாரணம் ஏறும். 30 விழுக்காட்டுக்கு 3,600 ரூபாய்தானே வர வேண்டும் என்று கேட்டால், 50க்குக் குறைந்ததை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், 76 முதல் மேலே உள்ளதை 100 ஆகவும் எடுத்துக்கொள்ளும் விதி 1-1-1996 முதல் இருப்பதுதான் காரணம். முதலில் உங்களைப் போல் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் கிடைத்த அந்தச் சலுகை, 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் கிடைத்தது. சாதாரணமாகச் சிப்பாய்க்கு 15 ஆண்டு நிறைந்தால்தான் ஓய்வூதியம். 12 ஆண்டிலேயே வந்த உங்களுக்குச் சேவைக் கூறு கிடைத்திருப்பதும் இயலாமை ஓய்வூதியத்தின் வழியாகத்தான்.

பி.எஃப். எண்ணைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வரி. பெரியவர்கள் இன்னும் அலகாபாத் என்று சொல்லும் பிரயாக்ராஜ் ஓய்வூதிய அலுவலகத்துக்கு உங்கள் பி.எஃப். எண் தெரிந்தால்தான் என்ன? தனியார் தொழிற்சாலையில் வாங்கும் சம்பளத்தை வைத்து அவர்கள் கழிக்கக்கூடிய தொகை எதுவும் உங்கள் ஓய்வூதியத்தில் இல்லை. வேலையில் சேரும்போது முழங்கால் காயத்தை நிறுவனத்திடம் மறைக்க வேண்டாம். உயரத்தில் அடுக்கிய பெட்டிகளை ஏணி போட்டு இறக்கும் வேலை உங்களிடம் வரக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது, பின்னால் ஏற்படும் சங்கடத்தைத் தவிர்க்கும்.

2023 செப்டம்பர் 21க்குப் பிறகு படையை விட்டு வந்தவர்களுக்குப் புதிய உரிமை விதிகள் பொருந்தும். அவற்றில் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படாமல் பணிக்காலம் முடித்தவர்களுக்கு வேறு பெயரில், 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று, நிவாரணம் வழங்கப்படுகிறது. உங்கள் ஊர் இளைஞர்கள் யாரேனும் அண்மையில் வந்திருந்தால், உங்கள் ஆணையைப் பார்த்துத் தங்கள் கணக்கைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: நான் சித்தூரில் ஒரு பொதுத்துறை வங்கியில் ஆயுதக் காவலராகச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இயலாமை ஓய்வூதியமும் வருகிறது. வங்கியில் சம்பளத்தோடு டி.ஏ. (அகவிலைப்படி) வாங்குபவர்கள் ஓய்வூதியத்தில் டி.ஆர். (அகவிலை நிவாரணம்) வாங்கக் கூடாது, வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள் என்று உடன் பணியாற்றுபவர் சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. உண்மையா? – ஓய்வுபெற்ற ஹவில்தார், குடிபாலா

பதில்: பரதராமி நண்பருக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிந்தது. உங்களுக்கு அப்படி முடியாது. ஏனென்றால் தனியார் வேலைக்கும் அரசு சார்ந்த வேலைக்கும் நடுவே உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது.

அடிப்படை ஓய்வூதியம், அதாவது மேலே சொன்ன இரண்டு கூறுகளும், வங்கி வேலையால் பாதிக்கப்படாது. கேள்வி அகவிலை நிவாரணத்தைப் பற்றியது மட்டுமே. மத்திய அரசு, மாநில அரசு, பொதுத்துறை நிறுவனம், வங்கி ஆகியவற்றில் மறுபணியில் சேர்ந்த ஓய்வூதியருக்கு, அங்கே சம்பளத்தின் மேல் அகவிலைப்படி கிடைப்பதால், ஓய்வூதியத்தின் மேல் நிவாரணம் நிறுத்தப்படும் என்பது பொது விதி. ஒரே விலைவாசிக்கு இரண்டு முறை ஈடு வேண்டாம் என்பது அதன் நியாயம். ஆனால் ஜே.சி.ஓ. (சுபேதார் நிலை) வரையிலான பதவிகளில் இருந்து, 55 வயதுக்கு முன் ஓய்வு பெற்று, மறுபணியில் சேர்ந்தவர்களுக்கு ஊதியத்தை நிர்ணயிக்கும்போது அவர்களின் ஓய்வூதியம் முழுவதும் கணக்கில் எடுக்கப்படாமல் விடப்படும். அவ்வாறு விடப்பட்டு, புதிய பதவியின் ஆரம்ப ஊதியத்திலேயே அவர்கள் அமர்த்தப்பட்டிருந்தால், ஓய்வூதியத்தின் மேலான நிவாரணமும் அவர்களுக்கு உண்டு. 18-7-1997 முதல் இந்த விலக்கு நடைமுறையில் இருக்கிறது. கமிஷண்டு அதிகாரிகளுக்கு இது பொருந்தாது; அவர்களுக்கு ஓய்வூதியத்தில் முதல் 15,000 ரூபாய் மட்டுமே விடப்படும்.

ஆகவே உங்களுடைய தூக்கத்தைத் தீர்மானிக்கப் போவது ஒரே ஒரு தாள். வங்கியில் சேர்ந்தபோது உங்களுக்குக் கொடுத்த ஊதிய நிர்ணய ஆணையைத் தேடி எடுங்கள். அதில் உங்கள் அடிப்படை ஊதியம் அந்தப் பதவியின் ஆரம்பப் படியிலிருந்து தொடங்கியிருந்தால் நிம்மதியாக உறங்கலாம். படையில் கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் பாதுகாக்கும் பொருட்டு, ஆரம்பப் படிக்கு மேலே சில படிகள் ஏற்றி நிர்ணயித்திருந்தால், நிவாரணம் உங்களுக்கு உரியது அல்ல. ஊதியப் பாதுகாப்பையும் வாங்கிக்கொண்டு, நிவாரணத்தையும் தொடர்ந்து வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல் வருகிறது.

என் வீட்டுக்கு வந்த ஒருவரின் கதையைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறேன். ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க அவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கணினிக் கடைக்குப் போவார். விரலை வைப்பார், ரசீது வாங்குவார், திரும்புவார். அந்தப் படிவத்தில் மறுபணியில் இருக்கிறீர்களா, மறுமணம் செய்துகொண்டீர்களா என்று இரண்டு கேள்விகள் உண்டு. கடைப் பையன் அவரைக் கேட்காமலே இரண்டுக்கும் 'இல்லை' என்று அழுத்திவிடுவான். நரைத்த தலையைப் பார்த்து இவருக்கு எங்கே இரண்டாம் கல்யாணம் என்று நினைத்திருப்பான் போலும். ஒன்பது ஆண்டு கழித்து, மறுபணியை மறைத்ததாக அறிவிப்பு வந்தபோது, தான் பொய் சொல்லவே இல்லை என்று அவர் என்னிடம் சாதித்தார். அச்சடித்த ஒன்பது ரசீதுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டிய பிறகுதான் அமைதியானார்.

மிகையாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பது பற்றி 2014இல் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில வரம்புகளை வகுத்திருக்கிறது. கீழ்நிலைப் பதவியில் இருப்பவர்களிடமும் ஓய்வு பெற்றவர்களிடமும், அவர்கள் தவறு எதுவும் இல்லாதபோது, பிடித்தம் செய்வதை அது தடுக்கிறது. ஆனால் நீங்களே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தீர்ப்பின் நிழல் உங்கள் மேல் விழும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நிர்ணய ஆணையைப் பார்த்தபின், தேவைப்பட்டால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். முறையற்ற பிடித்தம் நடந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம்; ஆந்திரத்தில் வாழ்பவர்களுக்கும் அதுவே உரிய இடம். அமராவதிக்கோ ஹைதராபாதுக்கோ அலைய வேண்டியதில்லை.

கேள்வி: பலமநேர் அருகே இரண்டு ஏக்கரில் தக்காளி பயிரிடுகிறேன், நான்கு மாடுகளும் உண்டு. இது 'வேலை' ஆகுமா? – ஓய்வுபெற்ற சிப்பாய், பலமநேர்

பதில்: ஆகாது. பயிர், பால், கடை, வாடகை என எதையும் ஓய்வூதிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. தக்காளி விலை சந்தையில் விழும் நாளில் உங்களுக்குக் கைகொடுக்கப் போவதும் இந்த ஓய்வூதியம்தான்.

கேள்வி: எனக்கு முதுகெலும்புத் தட்டு விலகியதற்காக 40 விழுக்காடு கொடுத்திருக்கிறார்கள். வரப்புத் தகராறில் என்னோடு பகைத்துக்கொண்ட பக்கத்து நிலத்துக்காரர், நான் நெல் மூட்டையைத் தூக்கி டிராக்டரில் வைப்பதைச் செல்போனில் படம் பிடித்து, "இதை ராணுவத்துக்கு அனுப்பி உன் பென்ஷனை ரத்து செய்கிறேன்" என்கிறார். மறுபடியும் மெடிக்கல் போர்டு கூப்பிடுவார்களா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காட்பாடி வட்டம்

பதில்: முதலில் மூட்டையைத் தூக்காதீர்கள். இதை ஓய்வூதியத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் முதுகுக்காகச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த அச்சத்துக்கு இடம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு அளவீட்டு மருத்துவக் குழு கூப்பிடும்; போகும் நாளன்று நம்மவர்கள் ஊன்றுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு போவார்கள்; திரும்பி வரும்போது 30 விழுக்காடு 15 ஆகி, 20க்குக் கீழே இறங்கியதால் இயலாமைக் கூறு நின்று போயிருக்கும். 2001 பிப்ரவரி 7ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட ஆணை அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. நிலையான தன்மை கொண்டது என்று தீர்மானிக்கப்பட்ட இயலாமைக்கு, ஒரு முறை எடுத்த முடிவு வாழ்நாள் முழுமைக்கும் உரியது. அதை மறுஆய்வு செய்யும்படி ஓய்வூதியரே கேட்டால் ஒழிய மறு அளவீடு கிடையாது. நிலையான தன்மை அற்றதற்கும் ஒரே ஒரு மறுஆய்வுதான். உங்கள் மருத்துவக் குழு அறிக்கையில் 'வாழ்நாள்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், பக்கத்து நிலத்துக்காரரின் செல்போன் படம் வரப்புத் தகராறு வழக்குக்குக்கூடப் பயன்படாது.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. "விழுக்காட்டைக் கூட்டித் தருகிறேன், மறுஆய்வுக்கு மனுப் போடுங்கள்" என்று கட்டணம் கேட்டு வருபவர்கள் எல்லையின் இரு பக்கத்திலும் உலவுகிறார்கள். அந்த மனுவைப் போட்டால் மூடிய கோப்பை நீங்களே திறக்கிறீர்கள். உடல்நிலை உண்மையில் மோசமாகி, மருத்துவச் சான்றுகளும் கையில் இருந்தால் கேளுங்கள். 40ஐ 50 ஆக்குவதற்காக மட்டும் கேட்காதீர்கள். 50க்குக் குறைந்ததை 50 ஆக எடுத்துக்கொள்ளும், முதல் பதிலில் சொன்ன முழுமையாக்கல் விதியின்படி நீங்கள் ஏற்கனவே 50க்கான தொகையைப் பெற்றுக்கொண்டிருக்கக்கூடும். ஆணையில் அதையும் சரிபாருங்கள்.

கேள்வி: என் மருமகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்று அந்நாட்டு ராணுவத்தில் எட்டு ஆண்டுகள் இருந்தவர். காதிலும் தோளிலும் பாதிப்பு, அதோடு மன உளைச்சலும் சேர்த்து 70 விழுக்காடு என்று அங்கே முடிவு செய்து மாதந்தோறும் பணம் கொடுக்கிறார்கள். இப்போது கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். "வேலை செய்ய முடியாதவர் என்று விண்ணப்பித்தால் 100 விழுக்காட்டுத் தொகை கிடைக்கும்" என்று யாரோ சொன்னார்களாம். வேலையையும் வைத்துக்கொண்டு அதையும் வாங்கலாமா? உங்கள் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுவேன். – ஓய்வுபெற்ற ஆசிரியை, குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் மடலைப் படித்த பிறகுதான், நம் ஊர் ஹவில்தார்களின் அச்சத்துக்கு இன்னொரு வேர் எங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கிற்று. செல்போனில் வரும் காணொளிகள் அமெரிக்க விதியைச் சொல்கின்றன. அதை நம்மவர்கள் பரதராமிக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் விவகாரத் துறை, வி.ஏ. என்பது அதன் சுருக்கம், 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக விழுக்காடு போட்டு ஈட்டுத்தொகை தருகிறது. அதற்கு அங்கே வருமான வரி இல்லை. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் அந்த ஈட்டுத்தொகை குறையாது. 70 விழுக்காடு வாங்கும் உங்கள் மருமகன் மட்டுமல்ல, அட்டவணைப்படி 100 விழுக்காடு பெற்றவரும் முழு நேர வேலை பார்க்கலாம். இந்த வரையில் நம் நாட்டு விதியும் அந்நாட்டு விதியும் ஒன்றுதான்.

அவரிடம் சொல்லப்பட்டது இதிலிருந்து பிரிந்து போகும் தனி வழி. ஒரே பாதிப்பு 60 விழுக்காடாவது இருந்தாலோ, பல பாதிப்புகள் சேர்ந்து 70 ஆகி அவற்றில் ஒன்று 40 ஆவது இருந்தாலோ, அந்தப் பாதிப்புகளால் வாழ்க்கைக்குப் போதுமான நிலையான வேலை எதையும் பார்க்க இயலவில்லை என்று நிறுவினால், 100 விழுக்காட்டுக்குரிய தொகையைக் கொடுப்பார்கள். இதன் அடிப்படையே வேலை பார்க்க இயலாமைதான். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஒரு நபருக்கு வகுத்திருக்கும் வறுமை வரம்புக்கு உட்பட்ட சிறு வருமானம் தரும் வேலை தடையாகாது. குடும்பக் கடை போன்ற பாதுகாப்பான சூழலில் சலுகையோடு பார்க்கும் வேலையையும் சில வேளைகளில் ஏற்பார்கள். கணினி நிறுவனத்தில் முழுச் சம்பளத்தோடு இருப்பவர் அந்த வழிக்குள் வர முடியாது. வேலை பார்த்துக்கொண்டே 'இயலவில்லை' என்று கையெழுத்திட்டால் அது பொய்ச் சான்று. வருமான விவரம் அந்நாட்டு அரசுத் துறைகளுக்குள் ஒத்துப் பார்க்கப்படுகிறது.

எதிர்காலத்தில் உண்மையாகவே வேலை பார்க்க முடியாத நிலை வந்து, அந்த வழியில் தொகை பெறத் தொடங்கி, பின்னர் உடல் தேறி மீண்டும் வேலைக்குப் போனால், சேர்ந்த மறுநாளே தொகையைக் குறைக்க மாட்டார்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் நிலைத்தால்தான், வேலை கிடைத்தது என்பதை மட்டும் காரணமாக வைத்துக் குறைக்க முடியும். 'பென்ஷன்' என்று அங்கே தனியாக ஒன்று உண்டு. அது போர்க்காலத்தில் பணியாற்றிய, வருமானம் குறைந்தவர்களுக்கானது, அதற்கு வருமான வரம்பு உண்டு. நாம் எல்லாவற்றையும் பென்ஷன் என்றே சொல்லும் பழக்கத்தால் இந்த இரண்டும் குழம்புகின்றன. முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குவது அங்கே சட்டப்படி கூடாது, வி.ஏ. அங்கீகரித்த படைவீரர் அமைப்புகள் இலவசமாகவே உதவுகின்றன. யோசனை சொன்ன அந்த 'யாரோ' பணம் கேட்டாரா என்று மருமகனிடம் கேளுங்கள்.

கேள்வி: போர்டு அவுட் ஆனவன் நான், ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வருமான வரிக்கு ஓய்வூதியத்தையும் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டச் சொல்கிறார் கணக்கர். சரியா? – ஓய்வுபெற்ற லான்ஸ் நாயக், பேர்ணாம்பட்டு

பதில்: சம்பளத்துக்கு வரி உண்டு, அதில் சலுகை எதுவும் இல்லை. ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை கணக்கர் சொல்வது தவறு. மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவரின் இயலாமை ஓய்வூதியத்தில் சேவைக் கூறு, இயலாமைக் கூறு இரண்டுக்குமே வரிவிலக்கு உண்டு. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2001 ஜூலை 2ஆம் நாள் அறிவுறுத்தலில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2019 ஜூன் 24ஆம் நாள் சுற்றறிக்கை அந்த விலக்கு வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்றது. அதை எதிர்த்து விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீங்கள் வெளியேற்றப்பட்டவர் என்பதால் அந்தச் சர்ச்சை உங்களைத் தொடவில்லை. பணிக்காலம் முடித்து வந்து, கூடவே இயலாமைக் கூறும் பெறும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே விலக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தந்த ஆண்டின் நிலையைக் கேட்டறிந்து தாக்கல் செய்யட்டும்.

கணக்கரிடம் வாதாட வேண்டாம். ஓய்வூதிய ஆணையின் நகலையும், வெளியேற்றப்பட்ட காரணம் எழுதப்பட்டிருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகப் பக்கத்தின் நகலையும் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்தவுடன் கணக்கர்கள் பேச்சை மாற்றிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விலக்குப் பெற்ற வருமானம் என்ற தலைப்பில் தொகையைக் காட்டிவிட வேண்டும். காட்டாமல் விடுவது வேறு, விலக்கில் காட்டுவது வேறு.

கேள்வி: 38 வயது, 12 ஆண்டுச் சேவை, 50 விழுக்காடு இயலாமை ஓய்வூதியம். மத்திய அரசு வேலைக்கு வயது கடந்துவிட்டதா? 50 விழுக்காடு இருப்பதால் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டிலும் விண்ணப்பிக்கலாமா? டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சித்தூர் மாவட்ட முகவரி. இப்போது வசிப்பது குடியாத்தத்தில். – ஓய்வுபெற்ற நாயக், குடியாத்தம்

பதில்: வயது கடக்கவில்லை. உங்கள் வயதிலிருந்து சேவைக் காலத்தைக் கழித்தால் 26. இப்படிக் கழித்து வரும் எண், பதவிக்குரிய உச்ச வயதைவிட மூன்றுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். உச்ச வயது 25 என்றால்கூட 28 வரை இடம் இருக்கிறது. மத்திய அரசின் குரூப் சி பதவிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 விழுக்காடு இட ஒதுக்கீடு. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 14.5 விழுக்காடு. இந்த 14.5இல் 4.5 விழுக்காடு, உங்களைப் போல் இயலாமையோடு வந்த முன்னாள் படைவீரருக்கும் போரில் உயிர் நீத்தவர்களின் குடும்பத்தாருக்கும் உரியது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. விண்ணப்பத்தில் முன்னாள் படைவீரர் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பி, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு முற்றிலும் வேறு பாதை. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு வேண்டும். அதை அளப்பது அரசு மருத்துவமனையின் குழு, படை மருத்துவக் குழு அல்ல. உங்கள் 50 என்பது முழுமையாக்கலால் வந்த எண் என்றால், ஓய்வூதியத் தொகையைக் கணக்கிடுவதற்கு அப்பால் அதற்கு மதிப்பில்லை. மேலும் ரத்த அழுத்தம் போல ஓய்வூதியத்துக்கு ஏற்கப்படும் சில நோய்கள் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை. கால், கை, செவி, பார்வை சார்ந்த பாதிப்பு என்றால் தனி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். அந்த அட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் படை ஓய்வூதியத்தில் மாற்றம் இருக்காது.

முகவரியைப் பொறுத்தவரை, ஓய்வூதியம் மத்திய அரசுடையது என்பதால் நீங்கள் எல்லைக்கு எந்தப் பக்கம் வசித்தாலும், எந்தப் பக்கம் வேலை பார்த்தாலும் அதற்கு வேறுபாடு இல்லை. மாநில அரசின் உதவிகளும், வேலைவாய்ப்புப் பரிந்துரையும் மட்டும் பதிவு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் வரும். நிலையாகக் குடியாத்தத்தில் தங்குவதென்று முடிவு செய்திருந்தால், சித்தூர் ஜில்லா சைனிக் அலுவலகத்தில் உள்ள பதிவை வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மாற்றக் கேளுங்கள். ஆதார் முகவரியை முதலில் மாற்றிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியை இரண்டு முறை கடக்க வேண்டிவரும்.